மகுடம் முதலில், வேர் பிறகு

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் விட்டு டீக்கடை முன்னால் நிற்கும் கூட்டத்தில் பல ஊர்க்காரர்கள் இருப்பார்கள். பென்னாகரம், ஊத்தங்கரை, தளி, எல்லைக்கு அந்தப் பக்கம் மாலூர், ஆந்திரத்துக் குப்பம். இன்னும் தொலைவில் பீகார், ஒடிசா. வாயைத் திறந்து பேசினால் ஊர் தெரிந்துவிடும். பல்லும் ஓரளவுக்குச் சொல்லும். மேல் முன்பற்களில் குறுக்கே ஓடும் வெண்கோடுகளோ பழுப்புத் திட்டுகளோ இருந்தால், அவர் சிறு குழந்தையாக இருந்தபோது குடித்த தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. அதற்குப் பிறகு இருபது வருடம் நல்ல தண்ணீர் குடித்தாலும் அந்தக் கறை போகாது. முப்பது வயதில் வேலைக்கு வந்து அதே போர் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும் பீகார்க்காரருக்கோ அந்தக் கோடு புதிதாக விழாது.

தண்ணீர் ஒன்று, ஃபுளோரைடு ஒன்று. ஒருவர் பல்லில் எழுதுகிறது, இன்னொருவர் பல்லைத் தொடுவதில்லை. பல் உருவாகும்போது எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது, எப்போது நிறுத்திக்கொள்கிறது என்பதில் இதற்கு விடை இருக்கிறது. அந்தக் கதையை நமக்குச் சொல்லிக்கொடுத்தது சுண்டெலி.

சுண்டெலிக்கு மொத்தம் 16 பற்கள்தான். தாடையின் ஒவ்வொரு கால்பகுதியிலும் முன்னால் ஒரு வெட்டுப்பல், பிறகு வெற்றிடம், அதன் பின்னால் மூன்று கடைவாய்ப் பற்கள். பால்பல் விழுந்து மறுபல் முளைக்கும் சங்கதி அதற்குக் கிடையாது. ஆய்வாளர்களுக்கு இந்தச் சிக்கனம் பிடித்திருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. எலியின் வெட்டுப்பல் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அது கதவையும் ஒயரையும் சாக்குமூட்டையையும் கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அதன் கடைவாய்ப் பல்லோ நம்முடையதைப் போல வேர்விட்டு நின்றுவிடும். ஒரே தாடை, ஒரே மரபணுத் தொகுப்பு. ஒரு பல் நிற்கிறது, ஒரு பல் நிற்பதில்லை. மரபணு என்பது வெறும் பட்டியல் என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

முதலிலிருந்து பார்ப்போம். சுண்டெலிக்குக் கருக்காலம் சுமார் 19 நாள். பதினோராம் நாள் வாக்கில், வருங்கால ஈறு இருக்கும் இடத்தில் வாயின் மேல்தோல் கொஞ்சம் தடிக்கிறது. அதுதான் பல்லின் முதல் அடையாளம். தடித்த தோலுக்கு அடியில் வேறொரு திசு இருக்கிறது. அதன் செல்கள் மூளை உருவாகும் பகுதியின் ஓரத்திலிருந்து நகர்ந்து வந்து தாடையில் குடியேறியவை. மேலே இருப்பது எனாமலைச் செய்யப் போகிறது. கீழே இருப்பது டென்டினையும் பல்லின் உட்கூழையும் செய்யப் போகிறது. இரண்டில் யார் சொல்லி யார் கேட்கிறார்கள் என்பது நீண்ட காலம் வழக்காக இருந்தது.

1970-ஐ ஒட்டி அமெரிக்காவில் எட்வர்ட் கோலரும் கிரேஸ் பேர்டும் இரண்டையும் பிரித்து மாற்றி ஒட்டினார்கள். கடைவாய்ப் பல்லின் கீழ்த்திசுவோடு வெட்டுப்பல்லின் மேல்தோலைச் சேர்த்தபோது வளர்ந்தது கடைவாய்ப் பல். அதிகாரம் கீழ்த்திசுவிடம் என்று தீர்ப்பு எழுதிவிடலாம் போலிருந்தது. ஆனால் 1987-இல் மினாவும் கோலரும் அதைவிட இளம் கருவை எடுத்துச் செய்தபோது நிலைமை தலைகீழ். பன்னிரண்டாம் நாளுக்கு முந்தைய மேல்தோலை, பல்லே முளைக்காத வேறொரு இடத்துத் திசுவோடு ஒட்டினாலும் பல் முளைத்தது. அந்த நாளைத் தாண்டிவிட்டால் மேல்தோலுக்கு அந்த வல்லமை இல்லை. அது கீழ்த்திசுவுக்குப் போய்விடுகிறது. இரண்டு தரப்பும் சரி. நாள்தான் வேறு.

அந்தக் கைமாற்றத்தைச் செய்யும் மூலக்கூறுகளில் ஒன்றின் பெயர் பிஎம்பி4. ஹெல்சிங்கியில் இர்மா தெஸ்லெஃபின் குழு 1993-இல் இதைக் காட்டியது. மேல்தோல் இந்தப் புரதத்தைச் சுரக்கிறது. அதைப் பெற்றதும் கீழ்த்திசுவில் எம்எஸ்எக்ஸ்1 என்ற மரபணு விழிக்கிறது. பிறகு கீழ்த்திசு தானே பிஎம்பி4 சுரக்கத் தொடங்கி மேல்தோலுக்குத் திருப்பிச் சொல்கிறது. 1994-இல் எம்எஸ்எக்ஸ்1 இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். மேலண்ணம் பிளந்திருந்தது; பற்களெல்லாம் மொட்டு நிலையிலேயே நின்றுபோயிருந்தன. 1998-இல் பாக்ஸ்9 என்ற இன்னொரு மரபணுவை நீக்கியபோதும் ஏறக்குறைய அதே கதை. மனிதரில் இந்த இரண்டு மரபணுக்களில் ஒரு பிரதி பழுதானாலே சில நிரந்தரப் பற்கள் முளைக்காமல் போகின்றன. குடும்பத்தில் பலருக்கும் ஒரே இடத்துக் கடைவாய்ப் பல் இல்லை என்றால் பல் மருத்துவர் மரபுக் காரணத்தைச் சந்தேகிப்பது இதனால்தான்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1998-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் அபிகெய்ல் டக்கரும் பால் ஷார்ப்பும் செய்தது. தாடையின் முன்பகுதியில் பிஎம்பி4 இருப்பதால், கடைவாய்ப் பல்லுக்கு உரிய பார்எக்ஸ்1 என்ற மரபணு அங்கே அடங்கிக் கிடக்கிறது. பிஎம்பி4-ஐத் தடுக்கும் நாகின் என்ற புரதத்தில் ஊறவைத்த சிறு மணியை அவர்கள் அந்த முன்பகுதியில் வைத்தார்கள். பார்எக்ஸ்1 முன்பக்கமும் விழித்துக்கொண்டது. வெட்டுப்பல் முளைக்க வேண்டிய இடத்தில் கடைவாய்ப் பல் முளைத்தது. ஒரு மரபணுவையும் அவர்கள் மாற்றவில்லை. ஒரு சமிக்ஞையை, சரியான நேரத்தில், சரியான இடத்தில் தடுத்தார்கள், அவ்வளவுதான். சில நாள் தாமதித்து வைத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

நம் துணைக்கண்டத்துக்கும் இந்தக் கதையில் ஒரு பழைய பங்கு உண்டு. வளர்ப்பு விலங்குகளும் தாவரங்களும் எப்படி மாறுகின்றன என்பதைப் பற்றிய தம் நூலின் 1875 பதிப்பில் டார்வின் சிந்து மாகாணத்தின் ஓர் இந்துக் குடும்பத்தைக் குறிப்பிடுகிறார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு இரு தாடையிலும் சேர்த்து சில பற்கள் மட்டுமே. உடம்பில் முடியும் மிகக் குறைவு. பெண்களுக்கு அந்தக் குறை இல்லை, ஆனால் அவர்கள் வழியாக மகன்களுக்குப் போனது. இன்று இந்த வகைக் குறையை ஈடிஏ என்ற மரபணுவோடு இணைத்துப் பேசுகிறோம். அது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மனித மரபணுவை 1996-இல் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடமே, ‘டாபி’ என்று நெடுங்காலமாக அறியப்பட்ட ஒரு சுண்டெலி வகையில் பழுதாகி இருப்பதும் இதே மரபணுதான் என்று தெரிந்தது. பல்லுக்கென்று ஒரு மரபணு, முடிக்கென்று ஒரு மரபணு என்று இயற்கை வைத்துக்கொள்ளவில்லை. பல், முடி, வியர்வைச் சுரப்பி மூன்றும் தோல் தடித்து உள்ளே இறங்குவதில் தொடங்குகின்றன. மூன்றுக்கும் அதே சமிக்ஞை பயன்படுகிறது.

டாபி சுண்டெலியில் நடந்த அடுத்த கட்டம் இன்னும் வலுவான சான்று. ஈடிஏ புரதத்தைக் கர்ப்பிணி எலிக்குச் செலுத்தினால் குட்டிகளின் குறை பெருமளவு சரியாகிறது என்று சுவிட்சர்லாந்தில் கெய்டும் ஷ்னைடரும் 2003-இல் காட்டினார்கள். பிறகு மனிதக் குழந்தைகளுக்குப் பிறந்தபின் கொடுத்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. ஜெர்மனியின் எர்லாங்கனில் மருத்துவர்கள் தாயின் வயிற்றில் இருந்த மூன்று ஆண் கருக்களுக்கு, அவர்களில் இருவர் இரட்டையர், பனிக்குட நீரில் அந்தப் புரதத்தைச் செலுத்தினார்கள். 2018-இல் வெளியான அறிக்கையின்படி அந்தக் குழந்தைகளுக்கு வியர்த்தது. மருந்து ஒன்றுதான். வாசல் திறந்திருந்த மாதம் வேறு.

இனி வேருக்கு வருவோம். பல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் மகுடத்தோடு முடித்துவிடுவது வழக்கம். வெளியில் தெரிவது அதுதானே. வேரில்தான் விஷயம் ஆழமாக இருக்கிறது.

மகுடம் உருவாகி முடிந்ததும், எனாமல் செய்யும் மேல்தோலின் கீழ்விளிம்பு ஒரு முடிவு எடுக்க வேண்டும். அந்த விளிம்பில் ஸ்டெம் செல்கள் தங்கியிருந்தால் பல் மகுடமாகவே வளர்ந்துகொண்டிருக்கும். அவை தீர்ந்துவிட்டால் விளிம்பில் இரண்டே அடுக்குச் செல்கள் மிஞ்சும். அந்த இரண்டடுக்குத் தோலுக்கு ஹெர்ட்விக் வேர் உறை என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் உயிரியலாளர் ஆஸ்கர் ஹெர்ட்விக் விவரித்தது. உறைகிணறு வெட்டும்போது உறைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குவது போல இது தாடைக்குள் கீழ்நோக்கி இறங்குகிறது. இறங்கும் வழியெல்லாம் உள்பக்கத் திசுவை டென்டின் செய்யச் சொல்கிறது. பிறகு தானே துண்டு துண்டாகக் கிழிந்து இடம்விட, வெளிப்பக்கத் திசு உள்ளே வந்து பல்லை எலும்போடு பிணைக்கும் சிமென்டைப் பூசுகிறது. வேரில் எனாமல் இல்லாததற்குக் காரணம் இதுதான்: எனாமல் செய்யும் அடுக்கு அங்கே பிறக்கவே இல்லை.

சுண்டெலியின் கடைவாய்ப் பல்லில் இந்த மாற்றம் குட்டி பிறந்த முதல் வாரத்தில் நடக்கிறது. அதைத் தீர்மானிப்பதில் எஃப்ஜிஎஃப்10 என்ற சமிக்ஞைக்குப் பெரிய பங்கு. வெட்டுப்பல்லின் அடியில் அது ஆயுள் முழுவதும் சுரக்கிறது. அங்கே ஸ்டெம் செல்கள் உயிரோடு இருக்கின்றன. கடைவாய்ப் பல்லில் அது நின்றுவிடுகிறது; விளிம்பு வேர் உறையாகிறது. 2003-இல் டம்மர்ஸும் தெஸ்லெஃபும் சுண்டெலியோடு வயல் எலி வகை ஒன்றையும் ஒப்பிட்டார்கள். அந்த எலிக்குக் கடைவாய்ப் பல்லும் வேரில்லாமல் வளர்ந்துகொண்டே இருக்கும். எதிர்பார்த்தபடியே அதன் கடைவாய்ப் பல்லில் எஃப்ஜிஎஃப்10 நிற்கவில்லை. வேர் என்பது தனியாகக் கட்டப்படும் புதிய உறுப்பு என்பதைவிட, ஒரு சமிக்ஞை அடங்கியதும் கிடைக்கும் வழி என்பதுதான் பொருத்தம். எலியின் வெட்டுப்பல் ஒரு படி மேலே போய் இரண்டையும் ஒரே பல்லில் வைத்திருக்கிறது: உதட்டுப் பக்கம் மகுடம், நாக்குப் பக்கம் வேர். எனாமல் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் மறுபக்கம் வேகமாகத் தேய்கிறது. உளிக்கு இருப்பது போன்ற கூர்முனை தானாகவே அமைகிறது.

அதே 2003-இல் இன்னொரு முடிவும் வந்தது. என்எஃப்ஐசி என்ற மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் சாதாரணமாகத்தான் பிறந்தன. கடைவாய்ப் பற்களின் மகுடமும் சரியாகவே இருந்தது. ஆனால் வேர் வரவில்லை. வெட்டுப்பற்கள் மெலிந்து முறிந்தன. கடினத் தீனியைக் கடிக்க முடியாததால் குட்டிகளுக்கு மென்மையான மாவு கொடுத்துத்தான் வளர்க்க வேண்டியிருந்தது. மகுடத்துக்கும் வேருக்கும் பொதுவான சமிக்ஞைகள் நிறைய உண்டு என்றாலும், வேருக்கென்று தனித்துத் தேவைப்படும் கட்டளையும் இருக்கிறது என்பதை இது உறுதி செய்தது. சிலருக்குப் பற்கள் பார்க்க நன்றாக இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் வேர் குட்டையாக இருக்கும். கம்பி கட்டுவதற்கு முன் மருத்துவர் எக்ஸ்ரே கேட்பது பணம் பறிக்க அல்ல. குட்டை வேருள்ள பல்லை இழுத்தால் அது ஆடிவிடும்.

இப்போது டீக்கடைக்காரர்களின் பற்களுக்குத் திரும்பலாம். வேர்விடத் தீர்மானித்த பல், எனாமல் செய்யும் செல்களைப் புதுப்பிக்கும் வழியைக் கைவிட்டுவிடுகிறது. இருக்கும் எனாமல் செல்களும் மகுடத்தை முடித்துக்கொடுத்து, பல் ஈறைக் கிழித்து வெளிவரும்போது அழிந்துபோகின்றன. எலும்பு ஒடிந்தால் கூடும், தோல் அறுந்தால் ஆறும், எனாமல் மட்டும் ஆறாது. ஆற்றுவதற்கு அங்கே உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை.

அந்தச் செல்கள் வேலை செய்யும் விதத்தையும் சொல்ல வேண்டும். முதலில் அமெலோஜெனின் முதலிய புரதங்களால் மென்மையான ஒரு படிவத்தை இடுகின்றன. பிறகு அந்தப் புரதங்களை நொதிகளால் அரித்து வெளியேற்றிவிட்டு, காலியான இடத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிய விடுகின்றன. நிறைவடைந்த எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். இந்த இரண்டாம் கட்டத்தில் ஃபுளோரைடு அதிகமாக இருந்தால் புரதம் முழுவதும் வெளியேறுவதில்லை. எனாமலின் உள்ளே நுண்துளைகள் தங்கிவிடுகின்றன. அங்கே ஒளி சிதறுவதால் வெண்கோடு. பல் முளைத்தபின் உணவின் நிறங்கள் அந்தத் துளைகளில் ஏறுவதால் பழுப்பு. பலரும் நினைப்பது போல அது வெற்றிலைக் கறையோ விளக்காத பல்லோ அல்ல. எந்தப் பல்பொடி தேய்த்தும் போகாது.

நிரந்தர முன்பல்லின் மகுடம் குழந்தை பிறந்த மூன்று நான்கு மாதத்தில் தாடைக்குள் கனிமமேறத் தொடங்கி, நான்கைந்து வயதில் முடிகிறது. பல் வெளியே தெரிவதோ ஏழு வயதையொட்டி. வேர் முடியப் பத்து வயதாகும். பின்பற்களின் மகுடம் ஏழெட்டு வயது வரை நடக்கிறது. ஆக, கறை வெளியே தெரியும்போது அதற்கான தண்ணீர் குடித்துப் பல வருடமாகிவிட்டது. பால்பற்களின் மகுடத்தில் பெரும்பகுதி பிறப்புக்கு முன்பும் முதல் வருடத்திலும் முடிந்துவிடுவதால் அவற்றில் கறை குறைவாகத் தெரியும். ‘பால்பல் முத்துப்போல இருந்ததே’ என்று தாய்மார்கள் குழம்புவதற்கு இடமில்லை.

மகுடம் முடிந்துவிட்டால் ஃபுளோரைடு பல்லைத் தொடாது என்ற நம்முடைய பாதுகாப்பு வளர்ந்த சுண்டெலிக்கு இல்லை. அதன் வெட்டுப்பல்லில் எனாமல் செல்கள் என்றும் பிறந்துகொண்டிருப்பதால் எந்த வயதிலும் ஃபுளோரைடு அதைப் பாதிக்கும். ஆய்வுக்கு இது வசதியானது. எரிக் எவரெட்டின் குழு 2002-இல் பன்னிரண்டு தூய வம்சச் சுண்டெலிகளுக்கு ஒரே விதமாக ஃபுளோரைடு தண்ணீர் கொடுத்தது. ஏ/ஜே என்ற வம்சத்தின் பற்கள் கடுமையாகக் கெட்டன. 129பி3/ஜே வம்சத்தின் பற்கள் கிட்டத்தட்டத் தாக்குப்பிடித்தன. சுண்டெலிக்குக் கொடுக்கும் அளவு மனிதரைப் பாதிக்கும் அளவைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் மரபணுப் பின்னணிக்குப் பங்குண்டு என்பது தெளிவு. ஒரே வீட்டில், ஒரே குழாயில் குடித்து வளர்ந்த அண்ணனுக்குக் கறை அதிகம், தம்பிக்குக் குறைவு என்றால் அது முழுக்கத் தண்ணீரின் அளவால் வந்த வேறுபாடாக இருக்க வேண்டியதில்லை.

ஓசூர்ப் பக்கம் தண்ணீர்க் கேடு என்றதும் கெலவரப்பள்ளி அணையில் பெங்களூருக் கழிவால் பொங்கும் நுரைதான் நினைவுக்கு வரும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஃபுளோரைடுக்கு நுரையும் இல்லை, நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வருவதும் இல்லை. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் உட்கார்ந்திருக்கும் கிரானைட், நைஸ் பாறைகளில் அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்கள் உண்டு. அவற்றில் ஃபுளோரைடு இருக்கிறது. பாறை வெடிப்பில் வெகுகாலம் தங்கிய நீரில் அது கரைகிறது. நீரில் கால்சியம் குறைவாக இருந்தால் படியாமல் கரைந்தே நிற்கிறது. மெருகேற்றி உலகம் முழுக்க நாம் ஏற்றுமதி செய்யும் கல்லும், போர் போட்டுக் குடித்த தண்ணீரும் ஒரே இடத்துச் சரக்கு. நல்ல குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃபுளோரைடு இருக்க வேண்டும், வேறு வழி இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

இந்த நோயை இந்தியாவில் முதலில் விரிவாக விவரித்ததும் நம் பக்கத்துக்காரர்கள்தான். சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் முதுகு வளைந்து மூட்டு இறுகிய மக்களைப் பற்றி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் 1937-இல் எழுதினார்கள். பல்லுக்கு வயது வரம்பு உண்டு. எலும்புக்கு இல்லை என்பதற்கு அந்த மக்களே சாட்சி. எலும்பு வாழ்நாள் முழுதும் தன்னைக் கரைத்துக் கட்டிக்கொள்வதால், கடுமையான ஃபுளோரைடு நீரைப் பல ஆண்டுகள் குடிக்கும் பெரியவருக்கும் அது ஆபத்து. ஆகவே முப்பது வயதில் வந்த பீகார்க்காரர் பல் தப்பியது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் காவிரி நீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பு என்று சேர்த்து, ஜப்பானியக் கடனுதவியோடு ரூ.1,928 கோடியில் முடித்து, 2013-இல் தொடங்கினார்கள். இடையில் கர்நாடகத்தின் எதிர்ப்பு, 2008-இன் பதற்றம் எல்லாம் பலருக்கும் நினைவிருக்கும். இது இந்த மாவட்டங்களுக்குக் கிடைத்த மிக நல்ல பொதுச் சுகாதார முதலீடுகளில் ஒன்று என்பது என் கருத்து. ஆனால் ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் குடம் மறுபடி போருக்குத்தான் போகிறது. கேழ்வரகில் கால்சியம் நிறைய உண்டு என்று நாம் பெருமைப்படுவது சரிதான். களி கிண்டும் தண்ணீர் எதிலிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்ஓ வடிகட்டி அதில் பெரும்பகுதியை நீக்கும்.

மஞ்சள் பல் எல்லாம் ஃபுளோரைடும் அல்ல. அமெலோஜெனின், எனாமெலின் போன்ற புரதங்களின் மரபணுவோ, புரதத்தை அரிக்கும் நொதிகளின் மரபணுவோ பழுதானால் எனாமலே மெல்லிதாக அல்லது மிருதுவாக அமையும். அப்போது பால்பல், நிரந்தரப் பல் இரண்டும் கெட்டிருக்கும். ஊரில் மற்றவர்களுக்கு இருக்காது, குடும்பத்தில் இருக்கும். இதில் சில வகைகள் இருபக்கமும் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும். மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டும் வழக்கமுள்ள இடங்களில் அதற்கு வாய்ப்பு கூடும். ஊரெல்லாம் கறை என்றால் தண்ணீரைச் சோதியுங்கள். ஒரு குடும்பத்தில் மட்டும் என்றால் பல் மருத்துவரிடம் குடும்ப வரலாற்றைச் சொல்லுங்கள்.

வீட்டில் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், குறிப்பாக மூன்று வயதுக்குள் இருந்தால், குடிக்கவும் கஞ்சி காய்ச்சவும் பயன்படும் போர் தண்ணீரை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து ஃபுளோரைடு அளவைக் கேளுங்கள். ஒன்றரைக்கு மேல் என்று வந்தால், வீட்டில் இருக்கும் நல்ல தண்ணீர் முதலில் அந்தக் குழந்தைக்குப் போகட்டும்.